தயார்நிலை யாரிடம் இருக்கிறது? ஆட்டிசம் உள்ள குழந்தையின் பள்ளி நுழைவு குறித்து

பிறப்புச் சான்றிதழ் பரவலாகாத காலத்தில் நம் ஊர்ப் பள்ளிகளில் ஒரு நுழைவுச் சோதனை இருந்தது. குழந்தை வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடவேண்டும். எட்டினால் பதிவேட்டில் பெயர் ஏறும், எட்டாவிட்டால் “அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க.” இன்று அதைக் கேலியாகப் பேசுகிறோம். ஆனால் வயதைத் தவிர வேறெதையும் அளப்பதாக அந்தச் சோதனை பாவனை செய்யவில்லை. கொஞ்சம் பொறுத்தால் எல்லாப் பிள்ளைகளின் கையும் காதை எட்டிவிடும், கதவும் திறந்துவிடும்.

ஆட்டிசம் உள்ள குழந்தையை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகும் பெற்றோரிடம் இன்று கேட்கப்படும் கேள்விகள் வேறு. “ஒரு இடத்துல உக்காருவானா? பாத்ரூம் வந்தா சொல்வானா? பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பானா? மத்த பிள்ளைங்கள அடிப்பானா?” கேட்பவர் பெரும்பாலும் கடுமையானவர் அல்லர், அக்கறையாகவே கேட்கிறார். “இப்ப சேத்தா அவனுக்குத்தான் கஷ்டம். ஒரு வருஷம் தெரபி குடுத்துட்டு வாங்க” என்பதில் முடிகிறது பேச்சு. அந்த ஒரு வருஷம் சில குடும்பங்களில் மூன்றாகிறது, நான்காகிறது.

சட்டத்தின் பக்கம் குழப்பம் அதிகமில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்த நடைமுறையையும் தடை செய்கிறது. மீறினால் முதல்முறை 25,000 ரூபாய் வரையும் அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரையும் அபராதம். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் பட்டியலிட்ட ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனது 21 வகைகளில் ஒன்றாக அதை வைத்ததோடு, பாகுபாடின்றிச் சேர்ப்பதையும் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தருவதையும் 16ஆவது பிரிவில் கல்வி நிறுவனங்களின் கடமையாக்கியது. ஆகவே மேற்கண்ட கேள்விகள் ‘சேர்க்கலாமா’ என்பதற்கான கேள்விகளாக இருக்க முடியாது. ‘சேர்த்தபின் என்ன செய்வது’ என்பதற்கான கேள்விகளாக இருக்கலாம். நடைமுறையில் அவை முன்னதற்கே பயன்படுகின்றன.

தயார்நிலை என்பது குழந்தையிடம் இருக்கும் ஒரு பண்பு, அதை அளந்து பார்க்கலாம், பயிற்சியால் கூட்டலாம், போதிய அளவு வந்தபின் பள்ளி தொடங்கலாம் என்ற நம்பிக்கைக்கு என்ன சான்று இருக்கிறது? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். தயார்ப்படுத்தல் என்ற பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பள்ளி கேட்கும் அளவுக்குக் குழந்தையைக் கொண்டுவருவது ஒன்று. பள்ளி எப்படிப்பட்ட இடம் என்பதைக் குழந்தைக்கு முன்கூட்டியே காட்டுவது மற்றொன்று. முன்னதற்குரிய சான்று, அதற்காகச் செலவாகும் பணத்தையும் வருடங்களையும் பார்க்கும்போது மெலிந்தது. பின்னதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் பள்ளி கைகொடுக்காமல் அதை வீட்டிலிருந்து மட்டும் செய்ய இயலாது.

1. முதல் வகுப்பை முடித்த ஒன்பது பேர்

தீவிர முன்பயிற்சியால் ஆட்டிசம் உள்ள குழந்தையை வழக்கமான பள்ளிக்குத் தகுதியாக்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு மூல ஆய்வு உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987இல் அதை வெளியிட்டார். 19 குழந்தைகள், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கும் மேல் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில், இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத நடத்தைப் பயிற்சி பெற்றனர். அவர்களில் ஒன்பது பேர், அதாவது 47 சதவீதம், ‘இயல்பான செயல்பாட்டை’ அடைந்ததாக அவர் அறிவித்தார். சென்னையிலும் கோவையிலும் தெரபி மையங்களில் “வாரம் நாப்பது மணி நேரம்” என்ற எண் பேசப்படுவதன் ஊற்று இந்த ஆய்வே. எண் இங்கு வந்து சேர்ந்தது. அதன்மீது எழுந்த விமர்சனம் அந்த அளவுக்கு வரவில்லை.

இயல்பு என்பதை லோவாஸ் எப்படி அளந்தார்? இரண்டு அளவுகோல்கள்: நுண்ணறிவுச் சோதனையில் சராசரி மதிப்பெண், பொதுப்பள்ளியில் வழக்கமான முதல் வகுப்பை முடித்தது. அதாவது பள்ளியில் இடம் கிடைத்து நிலைத்திருப்பதே பயிற்சியின் வெற்றிக்கு அத்தாட்சி. வட கரோலினாவில் டீச் என்ற மாநிலத் திட்டத்தை உருவாக்கிய எரிக் ஷோப்லரும் அவருடைய சகாக்களும் 1989இல் இதைக் கேள்விக்குள்ளாக்கினர். ஒரு குழந்தை எந்த வகுப்பில் வைக்கப்படுகிறது என்பது அதன் திறனை மட்டும் சார்ந்ததன்று. பெற்றோரின் வற்புறுத்தல், பயிற்சியாளரின் பரிந்துரை, பள்ளியின் கொள்கை ஆகியவையும் அதை முடிவு செய்கின்றன என்றனர். குழந்தைகள் பயிற்சிக் குழுவுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பது அதைவிடப் பெரிய குறை. பிந்தைய ஆய்வுகள் இத்தகைய பயிற்சியால் பலன் உண்டு என்று காட்டின. 1987இன் பாய்ச்சலைப் பெரும்பாலும் காட்டவில்லை. அந்த ஆய்வில் உரத்த அதட்டலும் தொடையில் அடிப்பதும் பயிற்சியின் பகுதியாக இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவை இல்லாத பயிற்சிக்கும் அதே 47 சதவீதத்தைச் சாட்சியாக அழைப்பது சரியான வாதமன்று.

அந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்படாத ஒரு தகவல் நமக்கு முக்கியமானது. முன்பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஒரு குழந்தை ‘ஆட்டிசக்காரன்’ என்றோ ‘மிகக் கடினமான பிள்ளை’ என்றோ பெயர் வாங்கிவிட்டால், அதை யாருக்கும் தெரியாத வேறொரு பள்ளிக்கு மாற்றிப் புதிதாகத் தொடங்கும்படி ஆய்வுக்குழு பெற்றோரை ஊக்கப்படுத்தியது. குழந்தையின் மாற்றம் ஒருபுறமிருக்க, பள்ளி அதைப் பார்க்கும் பார்வையும் கவனமாக ஏற்பாடு செய்யப்பட்டது என்று பொருள். நம் பெற்றோர் பலர் இன்று செய்வதும் இதுவே. “பேச்சு கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்” என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். அடையாளச் சான்றிதழ் பீரோவில் கிடக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உண்மையைச் சொன்னால் இடமில்லை என்று தெரிந்தவர்கள் உண்மையைச் சொல்வதில்லை. விளைவு மட்டும் தீயது: வகுப்பாசிரியருக்கு எதுவும் தெரியாது, மணி அடிக்கும்போது குழந்தை ஏன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போகிறது என்பதும் தெரியாது. மறைத்துச் சேர்க்கப்பட்ட குழந்தைக்கு எந்த வசதியையும் யாரும் கேட்க முடியாது.

2. கையேடு மட்டும் பெற்ற வகுப்பறைகள்

எதிர்த்திசையில் நிற்கும் சான்று லீப் எனப்படும் முன்பள்ளி முறை. பிலிப் ஸ்ட்ரெயின் 1980களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்கில் இதைத் தொடங்கினார். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் முதல் நாளிலிருந்தே சேர்ந்து படிப்பார்கள். எப்படி விளையாட்டுக்கு அழைப்பது, பொருளை எப்படிக் கேட்பது, பதில் வராவிட்டால் எப்படித் திரும்ப முயல்வது என்று சக குழந்தைகளுக்கே கற்றுத்தரப்படும். ‘முதலில் தயாராகட்டும், பிறகு சேரட்டும்’ என்ற வரிசை இங்கே கிடையாது.

ஸ்ட்ரெயினும் எட்வர்ட் போவியும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 28 வகுப்பறைகளின் ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டுகள் பயிற்சியும் கூடவே நின்று வழிகாட்டலும் தரப்பட்டன. குலுக்கலில் பிரிக்கப்பட்ட இன்னும் 28 வகுப்பறைகளுக்கு அதே முறையின் கையேடுகள் மட்டும் தரப்பட்டன. மொத்தம் 294 குழந்தைகள். இரண்டு ஆண்டு முடிவில் பயிற்சி பெற்ற வகுப்புகளின் குழந்தைகள் மொழி, அறிதிறன், சமூகப் பழக்கம் ஆகியவற்றில் கூடுதலாக முன்னேறியிருந்தனர். இது எதிர்பார்க்கத்தக்கதே. எதிர்பாராதது வேறொன்று: நுழையும்போது குழந்தை எப்படி நடந்துகொண்டது என்பதை வைத்தோ, குடும்பத்தின் பொருளாதார நிலையை வைத்தோ இரண்டாண்டு விளைவை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஆசிரியர் அந்த முறையை எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார் என்பதை வைத்தே சொல்ல முடிந்தது.

சேர்க்கை அறையில் கேட்கப்படும் கேள்விகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உட்காருவானா, திரும்புவானா என்பவை நுழைவு நேர நடத்தை பற்றியவை. இந்த ஆய்வின்படி பிற்கால முன்னேற்றத்தைப் பற்றி அவை அதிகம் சொல்வதில்லை. கேட்டிருக்கவேண்டியது வகுப்பறையைப் பற்றி.

இதற்கு இரண்டு தடைகள் உண்டு. ஆய்வை நடத்தியவர்களே முறையை உருவாக்கியவர்கள். சொந்தச் சரக்கைச் சோதிப்பவருக்குச் சாய்வு இருக்கலாம். அடுத்தது, அமெரிக்க முன்பள்ளி வகுப்பின் அளவும் அங்குள்ள பெரியவர்களின் எண்ணிக்கையும் நம் வகுப்பறையோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. இவற்றை ஒப்புக்கொண்ட பிறகும் அந்த ஒப்பீட்டுக் குழு என்னை உறுத்துகிறது. கையேடு மட்டும் பெற்ற அந்த 28 வகுப்பறைகளுக்கு நம் நாட்டில் உறவினர்கள் ஏராளம். உள்ளடங்கிய கல்வி பற்றிய சுற்றறிக்கை வருகிறது, ஒருநாள் பயிற்சி நடக்கிறது, கட்டகம் ஒன்று வழங்கப்படுகிறது. அது அலமாரிக்குப் போகிறது. ஆசிரியர் பக்கத்தில் நின்று ‘இந்தப் பிள்ளைக்கு இப்போது இப்படிச் செய்து பாருங்கள்’ என்று சொல்ல ஆளில்லை.

சாரா ரிம்-காஃப்மனும் ராபர்ட் பியான்டாவும் 2000இல் முன்வைத்த பள்ளி நுழைவு பற்றிய மாதிரி, ஆட்டிசத்தைக் குறித்ததன்று. எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது. தயார்நிலையைக் குழந்தையின் திறன் பட்டியலாகப் பார்க்காமல், குழந்தை, குடும்பம், ஆசிரியர், சக மாணவர், முன்பு இருந்த இடம் ஆகியவற்றுக்கிடையே காலப்போக்கில் உருவாகும் உறவுகளின் வலையாக அது பார்க்கிறது. அங்கன்வாடிப் பணியாளருக்கும் முதல் வகுப்பு ஆசிரியைக்கும் இடையே ஒரு பேச்சு நடந்ததா என்பதும் இந்தப் பார்வையில் தயார்நிலையின் ஒரு பகுதி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டபோது, பல இடங்களில் அங்கன்வாடியும் பள்ளியும் ஒரே வளாகத்துக்குள் வந்தன. சுவரைத் தாண்டிப் பேசினாலே போதும் என்ற தொலைவு அது.

3. மாறாமை என்னும் தேவை

லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்தே, சூழல் மாறாமல் இருக்கவேண்டும் என்ற பதற்றம் நிறைந்த விருப்பம் ஆட்டிசத்தின் மையக் கூறாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றுக்கான மிகை உணர்வும் குறை உணர்வும் 2013இல் டிஎஸ்எம்-5 என்னும் மனநலக் கையேட்டின் கண்டறிதல் அளவுகோலில் இடம்பெற்றன. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஜூன் மாதத்தின் முதல் பள்ளி நாளைப் பார்த்தால், அது இந்தக் குழந்தைக்காகவே வடிவமைக்கப்பட்ட சோதனைபோல் தோன்றும். புதுச் சட்டையின் கழுத்தில் உறுத்தும் லேபிள், இறுக்கும் பெல்ட், சாக்ஸ். ஒலிபெருக்கி கரகரக்க இறைவணக்கக் கூட்டம். அறிமுகமில்லாத முகங்கள், அழுகிற பிள்ளைகள், தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி. வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறைக்குப் பழகிய பிள்ளைக்கு அங்கே குந்தி உட்காரும் கழிப்பறை, அதுவும் தாழ்ப்பாள் இல்லாமல்.

இதற்குமுன் ஒத்திகை பார்க்கலாம் என்பதே இரண்டாம் வகைத் தயார்ப்படுத்தலின் அடிப்படை. ஷோப்லரின் டீச் திட்டம் 1972இல் வட கரோலினாவில் மாநில அளவிலான அமைப்பானது. அடுத்து என்ன, எவ்வளவு நேரம், எப்போது முடியும் என்பதைச் சொல்லால் அல்லாமல் கண்ணால் காணும்படி வைக்கவேண்டும் என்பது அதன் முதன்மையான பங்களிப்பு. இடப்பக்கத் தட்டில் செய்யவேண்டிய வேலை, வலப்பக்கத்தில் முடிந்ததைப் போடும் பெட்டி. இடப்பக்கம் காலியானால் வேலை முடிந்தது. “இன்னும் கொஞ்சம்தான்டா கண்ணு” என்று ஐந்துமுறை சொல்வதைவிட ஒரு காலித் தட்டு தெளிவாகப் பேசும். 1990களின் தொடக்கத்தில் கரோல் கிரே உருவாக்கிய சமூகக் கதைகள் இதே நோக்கில் சூழ்நிலையைச் சிறு கதையாக, படத்தோடு, முன்கூட்டிச் சொல்பவை. அவற்றின் பலனைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரியாக இல்லை; சில குழந்தைகளுக்கு உதவுகின்றன, சிலரிடம் அசைவே இல்லை. செலவும் தீங்கும் இல்லாதவை என்பதால் முயன்று பார்ப்பதில் தவறில்லை.

நம் சூழலில் இந்த ஒத்திகைக்கு நாட்காட்டி ஒரு சிக்கலை வைக்கிறது. மே மாதம் பள்ளி பூட்டிக் கிடக்கும். ஆகவே பழக்கப்படுத்தும் வருகைகள் மார்ச், ஏப்ரலிலேயே நடந்தாகவேண்டும்: ஒருநாள் வாசல்வரை, ஒருநாள் வகுப்பறைவரை, ஒருநாள் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும், பிறகு மற்றப் பிள்ளைகள் இருக்கும்போது ஓர் இடைவேளை நேரம். வெறும் கட்டடத்தை மட்டும் காட்டினால் போதாது. ஜூன் மாதப் பள்ளி என்பது கட்டடத்தைவிடச் சத்தம்தான். மணியோசையைக் கைப்பேசியில் பதிந்து, வீட்டில் மெல்லிய ஒலியில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகலாம். சீருடையை ஏழெட்டுமுறை துவைத்து மொடமொடப்புப் போனபின் உடுத்திப் பழக்கலாம். வகுப்பாசிரியையின் புகைப்படம் ஒன்று வீட்டுச் சுவரில் இருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் பள்ளியின் அனுமதி வேண்டும்: வாசல் திறக்கவேண்டும், யார் வகுப்பாசிரியை என்று ஏப்ரலிலேயே முடிவாகியிருக்கவேண்டும். பணமே தேவைப்படாத இந்த இரண்டாவது விஷயம்தான் நடைமுறையில் மிகக் கடினம். பணிமாறுதல் கலந்தாய்வு முடியும்வரை எந்த ஆசிரியை இருப்பார் என்று தலைமையாசிரியருக்கே தெரியாது.

ஒத்திகையில் அடங்காத ஒன்றும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காலை ஆறரை மணிக்கு ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கும்மாளம் போடும் நேரம் அது. ஐந்து மாதமாக ‘எழு, குளி, சீருடை, வேன்’ என்ற வரிசையை ஒருவழியாகப் பிடித்துக்கொண்ட குழந்தை, சீருடையோடு வாசலில் நின்று வேனுக்காகக் கதறுகிறது. படவரிசையில் தொடக்கம் முதலே ‘மாற்றம்’ என்பதற்கென ஓர் அட்டையை வைத்துப் பழக்கவேண்டும் என்று சிறப்பாசிரியர்கள் சொல்வது இதற்காகவே. முதலில் இனிய மாற்றங்களுக்கு அந்த அட்டை வரவேண்டும்: இன்று சாயங்காலம் படிப்புக்குப் பதில் கடற்கரை. அட்டைக்குப் பொருள் பழகியபின் மழை விடுமுறையைத் தாங்கும் வலு அதற்கு வரும். மாறாமையைக் கொடுத்துக்கொண்டே மாற்றத்தைக் கற்றுத்தரும் இந்த நுட்பத்தை எந்தத் தகுதிப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை.

உணவையும் இங்கே சேர்க்கவேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு நாள் வகை மாறும். வெள்ளைச் சோறும் தயிரும் மட்டுமே தொடும் குழந்தைக்கு இந்த மாற்றமும், கிச்சடியில் கலந்து கிடக்கும் காய்த்துண்டுகளும் பெரிய தடை. அதேவேளை கிழமைக்கு ஒரு வகை என்று நிச்சயமாக இருப்பதால் அதைப் படவரிசையில் வைக்க முடியும். ‘செவ்வாய் என்றால் கிச்சடி’ என்பது இந்தக் குழந்தைக்குப் பிடித்தமான வகை அறிவு. சாப்பிடாவிட்டாலும் தட்டோடு உட்கார்ந்திருப்பதே முதல் மாதத்துக்குப் போதுமான இலக்கு.

கானரின் முதல் நோயாளியான டொனால்ட் டிரிப்லெட்டின் கதை இந்த இடத்துக்கு உரியது. மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த அவர் 1942இல் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு விவசாயத் தம்பதியிடம் விடப்பட்டார். எதையும் அளக்கும் வெறி இருந்த சிறுவனிடம் அவர்கள் கிணறு தோண்டும் வேலையைத் தந்து ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். சோளக் கதிர் வரிசைகளை ஓயாமல் எண்ணியவனை, உழுதுகொண்டே எண்ண விட்டார்கள். அவன் சென்ற கிராமப் பள்ளி அவனுடைய விசித்திரங்களை ஏற்றுக்கொண்டது. கல்வியில் நன்றாக முன்னேறினான் என்று கானர் பதிவு செய்தார். 1971இல் அதே 11 பேரைத் திரும்பத் தேடிச் சென்றபோது, அரசு நிறுவனங்களில் அடைக்கப்பட்டவர்கள் தேய்ந்துபோயிருந்ததை அவர் கண்டார். ஒருவருடைய கதையை வைத்துக் கோட்பாடு கட்ட முடியாது. டொனால்டின் குடும்பம் வசதியானதும்கூட. ஆனாலும் ஆட்டிசம் என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் வருவதற்குள்ளாகவே, தெரபி என்ற பெயரே அறியாத இரண்டு விவசாயிகள் எண்ணும் பழக்கத்தை நிறுத்த முயலாமல் அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்தார்கள் என்பதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

4. நம்மிடம் இருந்த ஒரு வகுப்பறை

டீச் வகுப்பறையின் படங்களைப் பார்க்கும் தமிழ்நாட்டு ஆசிரியருக்கு ஏதோ ஒன்று பழக்கமானதாகத் தெரியக்கூடும். ரிஷி வேலிப் பள்ளியின் கிராமக் கல்வி முறையிலிருந்து ஊக்கம் பெற்று, எம்.பி. விஜயகுமாரின் முன்முயற்சியில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007–08 வாக்கில் மாநிலம் முழுவதும் முதல் நான்கு வகுப்புகளுக்கு விரிந்தது. குழந்தை சுய வருகைப் பதிவேட்டில் தானே குறியிடும். சுவரிலுள்ள கற்றல் ஏணியில் தான் நிற்கும் படியைக் கண்டுபிடிக்கும். அதற்குரிய சின்னம் உள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, ஆசிரியர் துணையோடோ சக மாணவர் துணையோடோ தனியாகவோ முடிக்கும். சுவரின் கீழ்ப்பகுதியில் அதன் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை.

படச் சின்னம், தனக்கென ஒரு வரிசை, தன் வேகம், முடிந்தது எது என்ற தெளிவு: டீச்சின் கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் கேட்பவற்றில் பாதி இதில் இருக்கிறது. இது ஆட்டிசத்தை மனத்தில் வைத்து உருவானதன்று; ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இது கைகொடுத்தது என்றும் நான் வாதிடவில்லை. எதிர்க்காரணங்களும் வெளிப்படை. குழுவிட்டுக் குழு மாறும் நடமாட்டம், பல வயதுப் பிள்ளைகளின் ஒருங்கிணைந்த இரைச்சல், தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் ஆடிக்கொண்டே இருக்கும் காகிதங்கள். கண்ணுக்கு எட்டும் ஒவ்வோர் அசைவும் கவனத்தைப் பிடுங்கும் குழந்தைக்கு அந்தப் பந்தல் ஒன்றே போதும் வகுப்பை விட்டு ஓட. நான் சொல்வது இவ்வளவே: பார்வைவழிக் கட்டமைப்பு மேலைநாட்டுச் சிறப்புப் பள்ளியின் விலையுயர்ந்த பண்டம், நம் அரசுப் பள்ளிக்குக் கட்டுபடியாகாது என்ற வாதம் நிற்காது. அட்டையும் தட்டும் ஏணியும் பல்லாயிரம் பள்ளிகளில் இருந்தன. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளைப் பிரித்து, ஒரே வகுப்பில் பிள்ளைகள் வெவ்வேறு இடத்தில் நிற்பார்கள் என்பதை முன்னதாகவே ஒப்புக்கொள்கிறது. பாட்டும் கைதட்டலும் அதில் மிகுதி. காதைப் பொத்தும் பிள்ளை உட்கார ஒரு மூலையும் வேண்டும்.

5. பக்கத்தில் ஓர் ஆள்

தனியார் பள்ளிகள் கண்டுபிடித்த சமரசம் ஷேடோ டீச்சர். குழந்தையைச் சேர்க்கிறோம், கூடவே ஓர் ஆளை நீங்கள் அனுப்புங்கள், சம்பளமும் நீங்கள் கொடுங்கள். வசதியில்லாத வீட்டில் அந்த ஆள் அம்மாதான்; வேலையை விட்டுவிட்டுப் பின்வரிசையில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்.

தேவை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓடிவிடும் குழந்தைக்கு முதல் வாரங்களில் கட்டாயம் ஆள் வேண்டும். ஆனால் மைக்கேல் ஜியான்கிரேக்கோவும் சகாக்களும் 1997இல் அமெரிக்கப் பள்ளிகளில் கண்டது எச்சரிக்கை தருவது. உதவியாளர் ஒட்டிக்கொண்டே இருக்கும்போது வகுப்பாசிரியர் அந்தக் குழந்தையைத் தன் மாணவராகக் கருதுவது குறைகிறது. சக மாணவர்கள் விலகுகிறார்கள். குழந்தை அந்த ஒருவரையே சார்ந்துபோகிறது. பீட்டர் பிளாட்ச்ஃபோர்டின் குழு 2009இல் இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிகளை வைத்து வெளியிட்ட பெரிய ஆய்விலும், உதவியாளரின் ஆதரவை அதிகம் பெற்ற மாணவர்கள் ஒப்பீட்டளவில் குறைவாகவே முன்னேறியிருந்தனர். இடிபோல் விழுந்த முடிவு அது. உதவியாளர்களின் தவறு அன்று, அவர்களைப் பள்ளி பயன்படுத்திய விதத்தின் தவறு என்று ஆய்வாளர்களே விளக்கினர். நிழலாக வருபவர் வகுப்பாசிரியருக்கு உதவியாக, எல்லாப் பிள்ளைகளிடையேயும் நடமாடினால் கதை மாறும்.

சிறப்பாசிரியர் நியமனம் பற்றி 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் மாணவர்–ஆசிரியர் விகிதம் ஒன்றை வரையறுக்கச் சொன்னது. வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகச் சுற்றும் சிறப்பாசிரியருக்கும் அந்த விகிதத்துக்கும் உள்ள தூரத்தை அவர்களோடு ஒருநாள் பேருந்தில் பயணம் செய்தால் அறியலாம். ஆளில்லாத இந்த இடைவெளியில் நம்பிக்கை தரும் தெற்காசியச் சான்று ஒன்று உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்து 2016இல் வெளியான பாஸ் ஆய்வில், நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்கு வழிகாட்டினர். பெற்றோர் குழந்தையின் போக்கறிந்து இசைந்து நடப்பது தெளிவாகக் கூடியது. பெருநகர நிபுணரிடம் மட்டுமே எல்லாம் இருக்கிறது என்ற எண்ணத்தை இது ஆட்டுகிறது.

6. எந்த மொழியில்

சுருக்கமாக ஒன்று. வீட்டில் தமிழ், தெரபியில் “சிட் டவுன், கிவ் மீ”, பள்ளியில் ஆங்கிலவழி. இரண்டு மொழி குழப்பும், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்ற அறிவுரை பல குடும்பங்களுக்குக் கிடைக்கிறது. பாட்டி பேச்சை நிறுத்துகிறார். ஆங்கிலம் அரைகுறையாக வரும் அம்மா கட்டளைகளை மட்டும் பேசும் ஆளாகிறார். கனடாவில் ஹாம்ப்லியும் ஃபோம்போனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழிச் சூழலில் வளர்ந்த ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஒருமொழிக் குழந்தைகளைவிடக் கூடுதல் பேச்சுத் தாமதம் இல்லை. வீட்டிலுள்ள நான்கு பேர் இயல்பாகப் பேசும் மொழியைப் பள்ளிச் சேர்க்கைக்காகப் பலி கொடுப்பதற்குச் சான்று எதுவும் இல்லை. பள்ளி செய்யவேண்டியது எளிது: குழந்தை வீட்டில் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் என்ன சொல் அல்லது சைகை பயன்படுத்துகிறது என்று முதல் நாளிலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்வது.

7. வீட்டிலேயே படிக்கட்டும் என்றால்

கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், கடுமையான அல்லது பல்வகை ஊனம் உள்ள குழந்தைகள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ள இடம் தந்தது. படுக்கையிலிருந்து எழ முடியாத குழந்தைக்கு அது உரிமை. நடந்து, ஓடி, ஏறிக் குதிக்கும் ஆட்டிசக் குழந்தைக்கு அதே ஏற்பாடு பள்ளியிலிருந்து வெளியேற்றும் மரியாதையான வழியாகிவிடும் அபாயம் இருக்கிறது. பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். வாரம் ஒருமுறை சிறப்பாசிரியர் வீட்டுக்கு வருவார். சேர்க்கை விகிதம் குறையாது.

‘தயாராகவில்லை’ என்ற தீர்ப்பு குழந்தையைப் பற்றியதாக இருக்கும்வரை இந்த ஏற்பாட்டுக்கு முடிவு தேதி வராது. அதனால் இப்படியொரு குழந்தையை வீட்டில் வைக்க முடிவெடுக்கும் கோப்பில், குழந்தையின் குறைகளுக்குப் பக்கத்தில் பள்ளி என்னென்ன முயன்றது என்பதும் எழுதப்படவேண்டும்: எந்த மாதம் பழக்க வருகை நடந்தது, படவரிசை எத்தனை வாரம் இருந்தது, ஆசிரியைக்கு யார் எத்தனைமுறை வகுப்பில் கூடநின்று உதவினார், அரைநாள் வருகை சோதிக்கப்பட்டதா. இந்தப் பத்திகள் காலியாக இருந்தால் அந்த முடிவில் தலைமையாசிரியர் கையெழுத்திடக் கூடாது. வட்டாரக் கல்வி அலுவலர் அதை ஏற்கவும் கூடாது.